கவரில் ‘கம்போஸ்டபிள்’ என்று போட்டிருந்தால் கடையில் வைக்கலாமா?

கேள்வி: தக்கலை வாசகர், 2 ஜூலை 2025

தக்கலையில் சிறிய பேக்கரி நடத்துகிறேன். நேற்று ஒருவர் பச்சை நிறக் கவர் மாதிரி கொண்டுவந்து காட்டினார். மரச்சீனி (மரவள்ளி) மாவில் செய்ததாம், மண்ணில் போட்டால் மூன்றே மாதத்தில் உரமாகிவிடுமாம், எந்த அதிகாரி வந்தாலும் கேட்கமாட்டாராம். கவரில் ஓர் இலைப் படம், ‘100% பயோ’, ‘ஈகோ பிரண்ட்லி’, அடியில் சிறியதாகக் ‘கம்போஸ்டபிள்’, அதாவது மக்கி உரமாகும் என்று. நம்பி வாங்கலாமா? சட்டப்படி அதில் என்னதான் அச்சிட்டிருக்க வேண்டும்?

2 ஜூலை 2025, இரவு

வாங்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் பேக்கிங் சாமான் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் கவர் வேறு வேறு பெயரில் என் மேசைக்கும் அடிக்கடி வருகிறது.

அடிப்படை, மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள். மக்கும் பிளாஸ்டிக்கில் செய்த கேரி பேக் என்றால் அதன்மேல் தயாரிப்பாளரின் பெயர் இருக்க வேண்டும்; மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த சான்றிதழின் எண் இருக்க வேண்டும்; ‘கம்போஸ்டபிள்’ என்ற சொல் இருக்க வேண்டும். சரக்கு ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். சந்தைக்கு வருவதற்கு முன்பே தயாரிப்பாளரோ விற்பவரோ அந்தச் சான்றிதழை வாங்கியிருக்க வேண்டும். உங்களுக்குக் காட்டிய கவரில் இவற்றில் அந்த ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது. அதை அச்சகத்தில் யார் சொன்னாலும் அடித்துக் கொடுப்பார்கள்.

இலைப் படம், சுற்றி வரும் அம்பு, ‘ஈகோ’, ‘பயோ’, ‘கிரீன்’ இவை எதுவும் சான்று ஆகாது.

3 ஜூலை 2025

இவ்வளவு பேர் ‘கம்போஸ்டபிள்’ என்ற சொல்லை அச்சடிக்க ஏன் அலைகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பணம்தான்.

சாதாரண பிளாஸ்டிக் கேரி பேக்கின் கனம் 120 மைக்ரானுக்கு (0.12 மில்லிமீட்டர்) குறையக் கூடாது என்று 2022 டிசம்பர் 31 முதல் மத்திய விதி. மக்கும் கவருக்கு அந்தக் கனக் கட்டுப்பாடு கிடையாது. தமிழ்நாட்டில் இன்னும் கடுமை: 2018 ஜூனில் வந்த அரசாணைப்படி 2019 ஜனவரி 1 முதல் கனம் எதுவானாலும் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. அந்த அரசாணையிலேயே, 17088 தரத்தில் ‘கம்போஸ்டபிள்’ என்று குறிக்கப்பட்ட கவருக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா, கரண்டி, தட்டு, கப் எல்லாம் தடையானபோதும் மக்கும் பிளாஸ்டிக்கில் செய்தவை தப்பின. ஆக, உள்ளே என்ன இருந்தாலும் வெளியே அந்தச் சொல்லை ஒட்டிவிட்டால் போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

நேர்மையாகச் சான்றிதழ் வாங்கித் தயாரிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய சரக்கு விலை கூடுதல். போலிக் கவர் பாதி விலைக்கு வந்து அவர்களை அடித்துப் போடுகிறது. எனக்குக் கோபம் வருவது முதலில் இதற்காகத்தான்.

3 ஜூலை 2025, மாலை

எண் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. எண்ணைச் சரிபார்க்க வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சான்று பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள்.

போன ஆண்டு எனக்கு நடந்தது இது. வந்தவர் பேச்சில் கெட்டிக்காரர். கவரில் எண் பளிச்சென்று இருந்தது. அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, கணினியில் பட்டியலைத் திறந்தேன். அந்த எண் இருந்தது, ஆனால் வட இந்தியாவில் உள்ள வேறு ஒரு நிறுவனத்தின் பெயரில். கவரில் அச்சாகியிருந்த பெயர் பட்டியலில் எங்கும் இல்லை. திரையை அவர் பக்கம் திருப்பினேன். ‘அச்சகத்துக்காரர் மாற்றிப் போட்டிருப்பார் அண்ணாச்சி’ என்றார். மாதிரிக் கவர்களை எடுத்துக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை.

5 ஜூலை 2025

‘மண்ணில் போட்டால் மூன்று மாதம்’ என்பதற்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் லேபிளைப் படித்தும் பயன் இல்லை.

17088 தரம் ஒரு பொருளை எப்படிச் சோதிக்கிறது? உரக் குவியலின் சூட்டில், ஏறக்குறைய 58 டிகிரி செல்சியஸில், ஈரமும் காற்றும் அளவோடு கொடுத்து வைக்கிறார்கள். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கக் கூடாது. 180 நாளைக்குள் அதிலுள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும். கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்த உரத்தில் விதை போட்டால் நல்ல உரத்தில் முளைப்பதுபோல முளைக்க வேண்டும். கடைசி இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பொருள் கண்ணுக்கு மறைந்துவிட்டது என்பதோடு நிறுத்தாமல், எதை விட்டுச் சென்றது என்றும் கேட்கிறார்கள்.

58 டிகிரி நம் வீட்டுக் கொல்லையில் எங்கே இருக்கிறது? பெரிய குவியலாகப் போட்டு, சாணமும் பச்சைத் தழையும் சேர்த்து, புரட்டிப் புரட்டிவிட்டால் அந்தச் சூடு வரும். தென்னை மூட்டில் தோண்டிய குழியில் வராது. விற்பவர் சொல்லும் ‘மூன்று மாதம்’ அந்த 12 வாரத்திலிருந்து வந்தது. அதற்கு முன்னால் இருந்த ‘58 டிகிரியில்’ என்பது வழியில் விழுந்துவிட்டது.

5 ஜூலை 2025

மரச்சீனி விஷயம் தனியாக. நம் ஊரில் மரச்சீனி என்று சொன்னால் யாரும் மயங்கிவிடுவார்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார்கள். கிழங்கு மாவு மட்டும் வைத்து மழையில் நனையாத கவர் செய்ய முடியாது. மாவோடு வேறு ஒரு பிளாஸ்டிக் சேர்க்கிறார்கள். பெரும்பாலும் பிபிஏடி என்பது. பெட்ரோலியத்திலிருந்து வருவது, ஆனாலும் சரியான சூட்டில் மக்கிவிடும். மறுபக்கம், கரும்பு ஆல்கஹாலிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். செடியிலிருந்து வந்தாலும் அது சாதா பாலித்தீன்போலவே மக்காமல் கிடக்கும். எதிலிருந்து செய்தது என்பது ஒரு கேள்வி, எதாக முடியும் என்பது வேறு கேள்வி. ‘100% பயோ’ என்பதை அச்சடித்தவர்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதுபோலச் சொல்லி இரண்டாவதையும் நம்ப வைக்கிறார்கள்.

8 ஜூலை 2025

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஏதாவது உண்டா என்று மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒன்று உண்டு. கவரில் நகத்தளவு துண்டு வெட்டுங்கள். அச்சு மை இல்லாத இடமாக இருக்கட்டும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. துண்டை விரல்களுக்கு இடையில் வைத்துத் தண்ணீருக்குள்ளேயே தேய்த்து, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்களைப் போக்கி, அடிக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

பாலித்தீன் தண்ணீரைவிட லேசானது, மேலே ஏறி வந்துவிடும். மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ, முன்பு சொன்ன பிபிஏடி போன்ற மக்கும் பிளாஸ்டிக்குகள் தண்ணீரைவிட ஏறக்குறைய கால் பங்கு கனமானவை, அடியில் தங்கிவிடும். கவர் மிதந்தால் விற்பவரிடம் மேலே பேச்சு வேண்டாம்.

சிலர் எரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து கடைக்குள் அதைச் செய்யாதீர்கள். புகையும் கெடுதல், முடிவும் தெளிவில்லை.

9 ஜூலை 2025

நேற்றைய சோதனைக்கு ஒரு நிபந்தனை. மிதந்தால் போலி என்று தைரியமாகச் சொல்லலாம். மூழ்கினால் அசல் என்று சொல்லக் கூடாது. பாலித்தீனில் சுண்ணாம்புத் தூளை நிறையச் சேர்த்துவிட்டால் அதுவும் மூழ்கும். பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), பிவிசி (குழாய் பிளாஸ்டிக்) இரண்டும் இயல்பிலேயே மூழ்கும். கருங்கல்லில் ஒரு வாசகர் இன்று காலை செய்து பார்த்து, ‘மூழ்கிவிட்டது, வாங்கலாம்தானே’ என்று எழுதியிருக்கிறார். சான்றிதழ் எண்ணைப் பட்டியலில் பாருங்கள், பிறகுதான் வாங்குவது.

12 ஜூலை 2025

‘கவரில் ஒன்றுமே அச்சிடவில்லை, கியூஆர் கட்டம் மட்டும் இருக்கிறது, இனி இப்படித்தான் என்கிறார்கள்’ என்று நாகர்கோவில் வடசேரியிலிருந்து ஒரு கேள்வி.

இது புதிய ஏற்பாடு. இந்த ஆண்டு ஜனவரியில் வந்த திருத்தம், பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் தர வேண்டிய விவரங்களைப் பார்கோடு அல்லது கியூஆர் வழியாகவும் தரலாம் என்று அனுமதித்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் நடப்பு. அதனால் கட்டம் இருப்பது தப்பு இல்லை. ஆனால் கைப்பேசியை நீட்டி அதைத் திறந்து பாருங்கள். எனக்கு வந்த ஒரு மாதிரியில் கட்டம் திறந்தது நிறுவனத்தின் விளம்பரப் பக்கத்தில். பச்சை வயல், ஓடும் குழந்தைகள், சான்றிதழ் எண் எங்கும் இல்லை.

சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவுக்கு இந்தக் கட்டத்தால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

12 ஜூலை 2025, இரவு

மேலே எழுதியதை விட்டுவிட முடியவில்லை. கட்டம் வருவதற்கு முன்பும் நிலைமை இதுதானே? 2016 விதியே, விவரங்களை ஆங்கிலத்தில் அச்சிட வேண்டும் என்கிறது. கோட்டாறு சந்தையில் கீரை வாங்குபவருக்கும் விற்பவருக்கும், அந்தக் கவரைக் கடைசியில் குப்பையிலிருந்து பொறுக்கி எடுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் புரியாத எழுத்தில் எச்சரிக்கை. தீப்பெட்டியிலும் மருந்துக் கடைப் பலகையிலும் தமிழ் இருக்கிறது. மக்கும், மக்காது என்ற இரண்டு வார்த்தையைத் தமிழில் சேர்த்து அச்சடிக்க எந்த விதியும் தடுக்கவில்லை. நான் வாங்கும் தயாரிப்பாளர்களிடம் இதைக் கேட்டு வருகிறேன். ஒருவர் மட்டும் அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொன்னார்.

16 ஜூலை 2025

குளச்சல் வாசகருக்கு. ‘கடலுக்குள் போனால் கரைந்துவிடுமா? எங்கள் வலையில் மீனைவிடக் கவர்தான் அதிகம் வருகிறது’ என்று கேட்டிருந்தீர்கள்.

உரக் குவியலில் தேறிய பொருள் கடலிலும் தேறும் என்று லேபிள் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் பைகளை மண்ணிலும் கடலிலும் திறந்தவெளியிலும் வைத்து மூன்று ஆண்டு பார்த்தார்கள். முடிவு 2019இல் வந்தது. ‘பயோடிகிரேடபிள்’ என்று விற்கப்பட்ட பை மூன்று ஆண்டுக்குப் பிறகும் மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்துச் சாமான் போட்டுத் தூக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. ‘கம்போஸ்டபிள்’ பை கடலில் மூன்று மாதத்துக்குள் காணாமல் போனது. அதே பை மண்ணில் 27 மாதம் கழித்தும் கிடந்தது, எடை தாங்கவில்லை, அவ்வளவுதான். அது அந்தப் பையின், அந்தக் கடலின் கதை. பிஎல்ஏ கரண்டியைக் கடலில் போட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். எந்த லேபிளும் கடலில் எறிவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

17 ஜூலை 2025

‘பயோடிகிரேடபிள்’ என்று போட்டிருந்தால்? அதுவும் மேலே உள்ளதைப் போலத்தானா? முட்டம் வாசகர் கேட்கிறார்.

அந்தச் சொல் இன்னும் வழுக்கலானது. நாளடைவில் நுண்ணுயிர் தின்னும் என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. எத்தனை நாளில், மண்ணிலா, தண்ணீரிலா, குப்பைக் கிடங்கிலா என்று கேட்டால் பெரும்பாலான விற்பனையாளர்களிடம் பதில் இருக்காது. 2024 மார்ச் திருத்தத்தில் நம் அரசு இதற்குக் கடிவாளம் போட்டது: நுண்பிளாஸ்டிக் எதையும் மிச்சம் வைக்காமல் சிதைய வேண்டும் என்று வரையறையிலேயே சேர்த்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் பிளாஸ்டிக் பொருள்மீது அந்தச் சொல்லை அச்சிடவே கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சொல்லைத் தடுத்ததோடு, மக்கும் பைக்குப் பச்சை, பழுப்பு போன்ற நிறம் தனியாக வேண்டும் என்றும், சாதா பை அந்த நிறத்தில் வந்து ஏமாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. தக்கலை வாசகரின் பச்சைக் கவர் அங்கே போயிருந்தால் நிறத்துக்கே வழக்கு வந்திருக்கும்.

‘ஆக்சோ’ என்று தொடங்கும் பெயரில் வருவதை முற்றிலும் ஒதுக்குங்கள். சாதா பிளாஸ்டிக்கில் உலோக உப்புச் சேர்த்து வெயிலில் பொடிப் பொடியாக உதிரச் செய்வது அது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 சட்டத்தில் அதைத் தடைசெய்துவிட்டது.

24 ஜூலை 2025

அருமநல்லூர்ப் பக்கம் எங்கள் தோப்பில் நான் செய்து பார்த்ததை எழுதச் சொன்னீர்கள். சான்றிதழ் சரியாக உள்ள, பட்டியலில் நானே பார்த்த ஒரு கவர். தென்னைகளுக்கு நடுவே இடுப்பளவு குழி. சாணம், காய்ந்த ஓலை, சமையலறைக் கழிவு. கவரைக் கிழிக்காமல் ஒன்றும், கிழித்து ஒன்றும் போட்டேன். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை, பிறகு ஐப்பசி மழை இரண்டும் குழியின் மேல் பெய்தன. தையில் தோண்டினோம். ஓலை ஈர்க்கோடு மட்டும் இருந்தது, வாழைத் தொலி தடமே இல்லை. கிழித்துப் போட்ட கவர் விரல் பட்டால் நூல் நூலாகப் பிரியும் நிலைக்கு வந்திருந்தது. முழுக் கவர் சாணியின் நிறம் ஏறி, உள்ளே மண்புழு ஊர்ந்த கோடுகளோடு, கைப்பிடி இன்னும் கைப்பிடியாகவே இருந்தது. அச்சடித்த எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது.

அதனால் அந்தத் தயாரிப்பாளர் பொய் சொன்னார் என்று ஆகாது. அவர் 58 டிகிரிக்குச் சான்று வாங்கியிருக்கிறார், நான் அந்தச் சூட்டைக் கொடுக்கவில்லை. வீட்டுக் குழிக்கென்றே தனிச் சான்று வெளிநாட்டில் உண்டு. ஆஸ்திரியாவின் டூவ் நிறுவனம் வீட்டு உரத்துக்கு ஒன்று, தொழிற்சாலை உரத்துக்கு ஒன்று என்று இரண்டு முத்திரை தருகிறது. வீட்டு முத்திரைக்கு 20 முதல் 30 டிகிரியில் ஓர் ஆண்டுக்குள் மக்க வேண்டும். அந்தச் சூடு நம் குழியில் தாராளமாக உண்டு. ஆனால் அதிலும் எச்சரிக்கை வேண்டும்: லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் நடத்திய ஆய்வில், வீட்டு உரத்துக்குச் சான்று பெற்ற பிளாஸ்டிக்குகளில் 60 சதவீதம் மக்களின் வீட்டுத் தொட்டிகளில் முழுதாக மக்கவில்லை என்று 2022இல் தெரிவித்தார்கள்.

25 ஜூலை 2025

வெளிநாட்டு முத்திரை இருந்தால் இங்கே செல்லுமா? துபாயிலிருந்து எழுதியவருக்கு: செல்லாது. ஐரோப்பாவின் நாற்று முத்திரையோ அமெரிக்காவின் பிபிஐ முத்திரையோ இருப்பது நல்ல அறிகுறி. இங்கே விற்க மத்திய வாரியத்தின் சான்று வேண்டும். அதற்கான பரிசோதனைக்குப் போகும் இடங்களில் சென்னை கிண்டியில் உள்ள, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டும் ஒன்று.

2 ஆகஸ்ட் 2025

டீக்கடைக்காரர்கள் இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி.

பேப்பர் கப் பேப்பர்தானே என்று கேட்காதீர்கள். உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், மெல்லிய தோல் உரிந்து வரும். அது பாலித்தீன். தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது. ‘இது பிஎல்ஏ பூச்சு, மக்கும்’ என்று சொல்பவரிடம் மேலே சொன்ன அதே சான்றிதழைக் கேளுங்கள். பிளாஸ்டிக் கப்பாகவே தெரியும் கண்ணாடி நிறப் பிஎல்ஏ கப்பில் சூடான டீ ஊற்றாதீர்கள்; 55, 60 டிகிரியில் பிஎல்ஏ இளகிவிடும். நான் சுக்குக் காப்பி ஊற்றிப் பார்த்தேன். விளிம்பு உள்பக்கமாக வளைந்து, கப் ஒரு பக்கம் சாய்ந்து, மேசை முழுக்கக் காப்பி.

இன்னொன்று. மக்கும் என்ற லேபிள் உணவுக்கு ஏற்றது என்று சொல்லாது. அதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பேக்கேஜிங் ஒழுங்குமுறை தனி. பேக்கரிக்காரர் இரண்டையும் கேட்க வேண்டும்.

2 ஆகஸ்ட் 2025

மார்த்தாண்டம் தேனீ வளர்ப்பவர் ஒருவர்: கண்ணாடிப் புட்டியில்தான் தருகிறாராம், மூடியை மக்கும் பிளாஸ்டிக்காக மாற்றலாமா என்கிறார். புட்டியையும் மூடியையும் திரும்ப வாங்கிக் கழுவிப் பயன்படுத்துங்கள். மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

9 ஆகஸ்ட் 2025

குலசேகரம் ரப்பர் நாற்றுப் பண்ணையிலிருந்து வந்த கேள்வி நல்ல கேள்வி. நாற்றுக்குப் பயன்படுத்தும் கறுப்புப் பாலித்தீன் பைக்குப் பதில் மக்கும் பை வைத்தால் பையோடு நட்டுவிடலாமே என்கிறார்.

17088 சான்று இதற்கு உதவாது, மண்ணுக்குள் நடப்பதை அது அளப்பதில்லை. ஐரோப்பாவில் நிலத்தின் மேல் விரிக்கும் மூடாக்குப் படலத்துக்கு 17033 என்ற தனித் தரம் 2018இல் வந்தது. 25 டிகிரி மண்ணில் இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். அதைப் போன்ற மண் சோதனை முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சும்மா ‘மக்கும்’ என்பதை நம்பிப் பையோடு நட்டால் வேர் முட்டிச் சுருண்டுவிடும், ஏழு ஆண்டு காத்திருந்து பால் வெட்ட வேண்டிய மரம்.

17 ஆகஸ்ட் 2025

ஆவணி பிறந்ததும் கல்யாண ஆர்டர்கள். அதற்கு நடுவே ஒரு பேரூராட்சியின் நுண் உரக்கூடத்துக்குப் போய் வந்தேன். லேபிள் பற்றி இவ்வளவு எழுதுகிறோம், அந்தக் கவர் போய்ச் சேரும் இடத்தில் யார் அதைப் படிக்கிறார்கள் என்று பார்க்க ஆசை.

இரண்டு அக்காமார் தொட்டிக்கு முன்னால் நின்று குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கையுறையின் விரல் நுனிகள் ஓட்டையாகியிருந்தன. சாம்பார்ச் சோறு ஒட்டிய ஒரு பச்சைக் கவரைத் தூக்கிக் காட்டி, இது மக்குமா மக்காதா என்று கேட்டேன். மூத்தவர் அதை வாங்கி, கட்டைவிரலால் சோற்றை வழித்துத் தொட்டியில் போட்டுவிட்டு, கவரை மக்காத மூட்டைக்குள் எறிந்தார். ‘எல்லாக் கவரையும் இங்கேதான் போடுவோம். மக்குவது எது என்று பார்த்துக்கொண்டு நின்றால் அந்திக்குள் வேலை முடியாது’ என்றார். அவர் எறிந்த கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதில் சான்றிதழ் எண் இருந்தது.

அவர் செய்தது சரி. தவறி உள்ளே விழும் ஒரு பாலித்தீன் கவர் முழுத் தொட்டி உரத்தையும் கெடுத்துவிடும். மக்கும் கவரைத் தனியாக வாங்கி, சூடேறும் பெரிய குவியலில் போட மாவட்டத்தில் ஏற்பாடு வரும்வரை, நாம் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் அசல் கவரும் நாகர்கோவில் வலம்புரிவிளை போன்ற குப்பைக் கிடங்கில்தான் முடியும். கடைக்காரனாக இதைச் சொல்வது எனக்கு லாபம் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர் கேட்டால் சொல்லிவிடுகிறேன்.

18 ஆகஸ்ட் 2025

‘அப்படியென்றால் எதைத்தான் கொடுப்பது?’ கேட்டவர்களுக்கு: நம் மாவட்டம் இதில் புதிது இல்லை. 2010 வாக்கில், ராஜேந்திர ரத்னூ ஆட்சியராக இருந்தபோதே பிளாஸ்டிக் இல்லாத மாவட்டம் என்று இயக்கம் நடந்தது. மாநிலத் தடை வருவதற்குப் பல ஆண்டு முன்பே இங்கே கடைகளில் பேப்பர் கவரும் துணிப்பையும் பழகிவிட்டன. தோவாளையில் பூவை வாழை இலையில் பொதிந்து நாரால் கட்டித் தருகிறார்கள். பனையோலைப் பெட்டி செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு. இவற்றுக்குச் சான்றிதழ் எண் தேட வேண்டியதில்லை. பேக்கரிக்கு எண்ணெய்த் தாளும் பேப்பர் கவரும், பெரிய ஆர்டருக்கு அட்டைப் பெட்டியும் போதும். வீட்டிலிருந்து பை கொண்டுவருபவருக்கு விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள்.

பாக்கு மட்டைத் தட்டை நானும் விற்கிறேன். ஆனால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த ஆண்டு, பாக்கில் உள்ள ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி அந்தத் தட்டுகளை ஏற்க மறுத்திருக்கிறது. விருந்துக்குக் கேட்பவர்களிடம் முதலில் வாழை இலையைத்தான் சொல்கிறேன்.

30 ஆகஸ்ட் 2025

புகார் எங்கே செய்வது? பொய் லேபிள் ஏமாற்று விளம்பரம்தான். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆதாரம் இல்லாமல் ‘பசுமை’ என்று சொல்வதற்கு எதிராக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நுகர்வோர் உதவி எண் 1915. கவரின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பில்லையும் சேர்த்து வையுங்கள். பில் தராதவரிடம் வாங்கியிருந்தால் புகாரை நிரூபிப்பது கடினம், அதனால்தான் அவர்கள் பில் தருவதில்லை.

11 செப்டம்பர் 2025

தக்கலை வாசகர் புதிய செய்தியோடு வந்திருக்கிறார். அந்த விற்பனையாளர் இப்போது ஒரு சான்றிதழ் அனுப்பியிருக்கிறாராம். அதை எனக்கு அனுப்பினார். முழுக்கப் படித்தேன். அது உண்மையான சான்றிதழ். ஐரோப்பிய நிறுவனம் ஒன்று தன் மக்கும் பிளாஸ்டிக் குருணைக்கு (கவர் செய்யும் மூலப்பொருள்), 13432 என்ற ஐரோப்பியத் தரத்தில் வாங்கியது. எவ்வளவு கனம் வரை செல்லும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. இவருடைய கவருக்கு அது எப்படிப் பொருந்தும்? அந்தக் குருணையில் எவ்வளவு போட்டார், கூட எதைக் கலந்தார், என்ன மை அடித்தார் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? கோதுமை மாவு மூட்டையின் சீட்டைக் காட்டி ரொட்டியை விற்பதுபோல இருக்கிறது. பேக்கரி நடத்துபவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம்.

அவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரில், கேரி பேக்குக்கு என்று, மத்திய வாரியம் தந்த சான்றிதழ் எங்கே? அதில் உள்ள எண்ணும் கவரில் உள்ள எண்ணும் ஒன்றா? சரக்கை ஜிஎஸ்டி பில்லோடு தருவீர்களா?

14 செப்டம்பர் 2025

பதில் வந்துவிட்டது. பில் தருவாராம், ஆனால் பில்லில் ‘கம்போஸ்டபிள்’ என்று எழுத மாட்டாராம், ‘பேக்கிங் கவர்’ என்றுதான் போடுவாராம். தக்கலை வாசகர் ஆர்டர் கொடுக்கவில்லை. பேப்பர் கவருக்கு என்னிடம் விலை கேட்டிருக்கிறார். அரைக் கிலோ, ஒரு கிலோ இரண்டு அளவிலும் இருப்பு இருக்கிறது, திங்கள் வண்டியில் தக்கலைக்கு அனுப்புகிறேன்.